வீட்டிலேயே கார் பாலிஷ், வேக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் என் வண்டியை நானே கழுவி வேக்ஸ் போடுவதைப் பார்ப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் சென்னை போன்ற ஊரின் வெயிலையும் கடற்காற்றையும் போர் தண்ணீரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

பாலிஷ், வேக்ஸ் ரெண்டும் ஒண்ணுதானே சார்? கடையில கேட்டா ரெண்டுக்கும் ஒரே பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுக்கிறாங்க.

பாலிஷ் என்பது எடுப்பது, வேக்ஸ் என்பது சேர்ப்பது. பாலிஷில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் இருக்கின்றன. அவை பெயிண்டின் மேற்பரப்பைச் சிறிதளவு சீவி, கீறல்களின் விளிம்பைச் சமப்படுத்துகின்றன. தச்சர் இழைப்புளி போட்டால் பலகை வழவழப்பாவதோடு கொஞ்சம் மெலியவும் செய்யும் அல்லவா, பாலிஷும் அப்படித்தான். வேக்ஸ் எதையும் சீவுவதில்லை. மேலே ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்து, தண்ணீரும் அழுக்கும் பெயிண்டில் நேரடியாக ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது.

கடையில் கிடைக்கும் பல பாட்டில்கள் இரண்டும் கலந்தவை என்பதால்தான் இந்தக் குழப்பம். லேபிளில் காம்பவுண்ட், ஸ்கிராட்ச் ரிமூவர், கிளீனர் வேக்ஸ் என்ற சொற்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது சீவும் வகை என்று எடுத்துக்கொள்ளலாம். அதை மாதாமாதம் போடக் கூடாது.

சீவிக்கிட்டே இருக்கிற அளவுக்கு பெயிண்ட் என்ன அவ்வளவு கனமாவா இருக்கு?

இல்லை, அதனால்தான் இந்த எச்சரிக்கை. இன்றைய கார்களில் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். இவ்வளவும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். இதில் பாலிஷ் வேலை செய்வது கிளியர் கோட்டில் மட்டும், அதன் கனம் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொண்டு நிறத்தைக் காப்பதும் அந்த அடுக்கேதான்.

கடுமையான காம்பவுண்டை மெஷினில் ஒரு முறை ஓட்டினால் சில மைக்ரான்கள் போய்விடும். மெல்லிய ஃபினிஷிங் பாலிஷ் என்றால் ஒரு மைக்ரான் அளவில் நின்றுகொள்ளும். எனவே பாலிஷ் என்பது தேவை வந்தால் மட்டும் செய்யும் சிகிச்சை; வேக்ஸை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். பழைய அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் கிளியர் கோட் கிடையாது. அவற்றைத் தேய்க்கும்போது துணியில் வண்டியின் நிறமே இறங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அங்கே நேரடியாக நிறப்பூச்சைத்தான் சீவுகிறீர்கள் என்பதை மறக்கவும் வேண்டாம்.

டெலிவரி எடுத்து ஒரு மாசம்தான் ஆகுது. புது வண்டிக்கு இப்பவே வேக்ஸ் போடலாமா?

தாராளமாகப் போடலாம். தொழிற்சாலையில் பெயிண்ட் ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைத்து இறுக வைக்கப்படுகிறது. வண்டி உங்கள் கைக்கு வரும்போது அது முழுமையாக உலர்ந்தே இருக்கும். பாலிஷ்தான் தேவையில்லை.

ஆனால் இடித்துவிட்டு ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங், பெயிண்டிங் செய்த பகுதி வேறு கதை. அங்கே 60 டிகிரி அளவிலான சூட்டிலோ வெறும் காற்றிலோதான் உலர்த்துகிறார்கள், உள்ளே உள்ள கரைப்பான் முழுவதும் வெளியேறப் பல வாரங்கள் ஆகும். அந்தப் பகுதிக்கு மட்டும் குறைந்தது 30 நாட்கள், முடிந்தால் 60 நாட்கள் வேக்ஸ் வேண்டாம். பெயிண்டரிடமே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது, எந்தப் பெயிண்ட் அடித்தார் என்று அவருக்குத்தான் தெரியும்.

தினமும் காலையில ஒரு தம்பி வந்து ஈரத்துணியால துடைச்சிட்டுப் போறார். வண்டி எப்பவும் சுத்தமாத்தானே இருக்கு?

வண்டி சுத்தமாக இருக்கிறது, பெயிண்ட் தேய்ந்துகொண்டிருக்கிறது. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் உங்கள் பானெட்டைப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமான நுண்கீறல்கள் தெரியும். அடர்நிற வண்டியில் பளிச்சென்றும் வெள்ளை வண்டியில் மங்கலாகவும் தெரியும், இருப்பது இரண்டிலும் ஒன்றுதான். அவற்றில் பெரும்பகுதி ஓட்டுவதால் வந்தவை அல்ல, துடைப்பதால் வந்தவை.

இரவில் படிந்த தூசியில் மணல் துகள் இருக்கிறது. அரை வாளித் தண்ணீரும் ஒரு பழைய பனியன் துணியுமாக வருபவர் அந்த மணலைக் கழுவி இறக்குவதில்லை, இழுத்துத் தேய்க்கிறார். அதே துணியும் தண்ணீரும் அதற்கு முன்னால் பல வண்டிகளின் சக்கரங்களைப் பார்த்துவிட்டு வந்தவை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் நேரத்துக்கும் அதுதான் முடியும். கண்ணாடிகளையும் உள்ளே மிதியடிகளையும் மட்டும் துடைத்துவிட்டு, பெயிண்டைத் தொடாமல் விடச் சொல்லுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள். நீளக் கைப்பிடி போட்ட டஸ்டர் பிரஷ்ஷுக்கும் இதே பதில்தான்.

அப்ப எப்படித்தான் கழுவுறது?

முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றியோ ஹோஸில் அடித்தோ மணலை இறக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் கையோ துணியோ பெயிண்டில் படக் கூடாது. பிறகு இரண்டு வாளிகள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கூரை, கண்ணாடி, பானெட், கதவுகளின் மேற்பாதி என்று இறங்கி வந்து, அழுக்கு மிகுந்த கதவடியையும் பம்பரின் கீழ்ப்பகுதியையும் கடைசியில் தொட வேண்டும். சக்கரத்துக்குத் தனித்துணி.

பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தினால் பெயிண்ட் உடனே கெட்டுப்போகாது, ஆனால் போட்டிருக்கும் வேக்ஸ் கழன்றுவிடும். பழைய வேக்ஸை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைக்கும் நாளில் மட்டும் அது பயன்படும்.

எங்க வீட்டுல போர் தண்ணிதான். காய்ஞ்சதும் வெள்ளை வெள்ளையா புள்ளி நிக்குது, துடைச்சாலும் போகலை.

தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, அதில் கரைந்திருந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகள் ஆவியாவதில்லை. துளி காய்ந்த இடத்தில் அவை வளையமாக நின்றுவிடுகின்றன. ஆகவே உப்புத் தண்ணீரில் கழுவுவது தவறில்லை, அதைக் காயவிடுவதுதான் தவறு. வெயில் ஏறும் முன், நிழலில், ஒரு பக்கத்தைக் கழுவியதும் அந்தப் பக்கத்தைத் தடிமனான மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

தண்ணீரைச் சிக்கனப்படுத்துகிறேன் என்று ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரில் பலர் வண்டி கழுவுகிறார்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் சேர்ந்திருக்கிறது. போர் தண்ணீரைவிட மோசமான புள்ளிகளை அது விட்டுச்செல்லும். மாறாக, ஏ.சி.யின் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது, அதில் உப்பு அநேகமாக இல்லை. ஓர் இரவு வாளி வைத்துப் பிடித்தால் கடைசி அலசலுக்குப் போதும். வடிகட்டி மட்டும் ஊற்றுங்கள்.

ஏற்கெனவே நிற்கும் புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, சூடில்லாத பெயிண்டின்மேல் ஓரிரு நிமிடம் வைத்திருந்துவிட்டு ஷாம்புவால் கழுவிவிடலாம். கழிப்பறை ஆசிட் பக்கமே போக வேண்டாம். வினிகருக்கும் அசையாத புள்ளி என்றால் உப்பு கிளியர் கோட்டையே அரித்துக் குழியாக்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பாலிஷ்தான் வழி.

நல்லா கழுவின பிறகும் கையை வெச்சுத் தடவினா சொரசொரன்னு இருக்கே?

மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், ரயில் பாதையோரத் தூசி, பெயிண்ட் தெறிப்பு, தார் ஆகியவை ஒட்டி இறுகிவிட்டால் ஷாம்புவுக்கு அவை அசைவதில்லை. கிளே பார் என்று விற்கப்படும் களிமண் போன்ற கட்டியை ஷாம்புத் தண்ணீரில் நன்றாக நனைத்து, அழுத்தாமல் வழுக்கிக்கொண்டு போனால் அவை கட்டியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அழுக்குப் பட்ட முகத்தை உள்ளே மடித்து அவ்வப்போது புது முகத்தை எடுக்க வேண்டும். கட்டி கீழே தரையில் விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். ஒட்டிய மணல் அவ்வளவையும் பெயிண்டில் கோடாக இழுக்கும்.

பாலிஷுக்கும் வேக்ஸுக்கும் முன்னால் இது தேவை. வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் தேவையில்லை.

பைக்காரர் உரசிட்டுப் போயிட்டார். இந்தக் கீறல் பாலிஷ்ல போயிடுமா?

கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் கீறல் கிளியர் கோட்டின் மேற்பகுதியில் நிற்கிறது, பாலிஷில் போய்விடும். நகம் மாட்டினால் போகாது. அதை முழுவதும் சமப்படுத்த முயன்றால் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் சேர்த்து இழப்பீர்கள். விளிம்பை மட்டும் மழுக்கிப் பார்வைக்குக் குறைத்துக்கொண்டு நிறுத்துவதே நல்லது. கீறலின் அடியில் சாம்பல் நிறப் பிரைமரோ தகடோ தெரிந்தால் பாலிஷை மறந்துவிட்டு, வண்டியின் கலர் கோடு பார்த்து டச்-அப் பெயிண்ட் வாங்கி வையுங்கள். கடலோர ஊர்களில் தகடு வெளியே தெரிந்தால் துரு காத்திருப்பதில்லை.

சில நேரம் கீறல் என்று நினைப்பது எதிர் வண்டியின் பெயிண்ட் ஒட்டியிருப்பதாகவே இருக்கும். மேலே சொன்ன கிளே பாரிலேயே அது வந்துவிடலாம். அதை முதலில் முயன்று பாருங்கள்.

கையாலேயே பாலிஷ் பண்ணலாமா, மெஷின் வாங்கணுமா?

ஒரு கதவுக் கைப்பிடிக் குழியில் உள்ள நகக்கீறல், ஒரு சிறு உரசல் என்றால் கையும் ஃபோம் பேடும் போதும். முழு வண்டியின் வட்டக்கீறல்களையும் கையால் எடுக்கலாம் என்பது ஆசைதான். தோள்பட்டை தாங்காது, அழுத்தமும் சீராக இருக்காது.

மெஷின் வாங்குவதானால் டூயல் ஆக்‌ஷன் வகையை மட்டும் வாங்குங்கள். அதன் பேட் சுழன்றுகொண்டே அலைவதால் சூடு ஓரிடத்தில் குவிவதில்லை, அதிகம் அழுத்தினால் சுழற்சி தானாகவே நின்றுவிடும். வீட்டிலுள்ள கிரைண்டரில் பேட் மாட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் வேகத்துக்குப் பானெட்டின் விளிம்பில் ஒரு நொடி நின்றாலே கிளியர் கோட் வெந்து நிறம் வெளியே வந்துவிடும். டூயல் ஆக்‌ஷனிலும் கவனம் வேண்டும், விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெல்லியதாகவே இருக்கும். அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு சாண் அகல இடத்தில் முதலில் மென்மையான பேடும் மென்மையான பாலிஷுமாகச் சோதித்துப் பார்த்து, போதவில்லை என்றால்தான் அடுத்த கடுமைக்குப் போக வேண்டும்.

டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய்... எதுவுமே உதவாதா?

டூத்பேஸ்ட் ஒரு தேய்ப்புப் பொருள்தான், ஆனால் அதன் துகள்கள் பெயிண்டுக்காக அளவெடுத்தவை அல்ல. ஒரு கீறலை மழுக்கி அந்த இடத்தையே மங்கலாக்கிவிட்டுப் போகும். மண்ணெண்ணெய் தார்ப்புள்ளியைக் கரைக்க நல்லது. துணியில் தொட்டுத் துடைத்து உடனே ஷாம்பு போட்டுக் கழுவினால் தொழிற்சாலைப் பெயிண்டுக்குக் கேடில்லை. ஆனால் அதையோ டீசலையோ வண்டி முழுக்கப் பூசிப் பளபளப்பாக்கும் வழக்கம், எண்ணெய்ப் பசையில் தூசியை வரவேற்று, மறுநாள் துடைக்கும்போது கீறல் போடும் ஏற்பாடு. தேங்காய் எண்ணெயும் அதே ரகம்.

வேக்ஸ் போட்டா வெள்ளையா திட்டுத்திட்டா நின்னு, துடைக்கவே வரமாட்டேங்குது. ஏன்?

அநேகமாக அதிகம் போட்டிருக்கிறீர்கள், அல்லது வெயிலில் போட்டிருக்கிறீர்கள். புறங்கையை பானெட்டில் வைத்தால் சூடு தெரியக் கூடாது. ஒரு கதவுக்குப் பட்டாணி அளவு வேக்ஸ் போதும். தடவிய பின் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்துப் போட்டதால் கூடுதலாக எதுவும் ஒட்டுவதில்லை, மிச்சத்தைத் துடைத்துத்தான் எறியப் போகிறீர்கள். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வேக்ஸ் தடம் விடாமல் சுத்தமாக விலகினால் துடைக்கும் பதம் வந்துவிட்டது, பசையாக இழுபட்டால் இன்னும் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இதற்கு இருமடங்கு நேரம்கூட ஆகும்.

கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளில் பட்டால் வெண்கறை நின்றுவிடும். முன்னதாகவே டேப் ஒட்டிவிடுவது பின்னால் பிரஷ் போட்டுத் தேய்ப்பதைவிட எளிது.

ஒரு தடவை போட்டா எத்தனை நாள் நிக்கும்?

கார்னாபா என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. அது உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் டப்பாவில் இருப்பது எண்ணெயும் கரைப்பானும் கலந்து இளக்கிய கலவை. நம் வெயிலில் வெளியே நிற்கும் வண்டிக்கு ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். செயற்கைப் பாலிமரால் ஆன சீலன்ட் நான்கு முதல் ஆறு மாதம் வரை நிற்கும். மினுமினுப்பில் கார்னாபாவுக்குத்தான் என் ஓட்டு, உழைப்பில் சீலன்டுக்கு. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை சீலன்ட் போட்டுவிடுவது என் வழக்கம். கழுவிய வண்டியின்மேல் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் பரவி நின்றால் மறுபடி போடும் நேரம் வந்துவிட்டது.

ஷோரூம்ல டெஃப்லான் கோட்டிங், செராமிக் கோட்டிங்னு சொல்றாங்க. பணத்துக்கு மதிப்பு உண்டா?

தோசைக்கல்லில் இருக்கும் டெஃப்லான் 327 டிகிரி சூட்டில்தான் உருகும். கல்லில் அதை ஒட்டவைப்பதே அத்தகைய சூட்டில் சுட்டுத்தான். காரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் பெயிண்டே மிஞ்சாது. ஆக, அந்தப் பெயரில் உங்கள் வண்டியில் தேய்க்கப்படுவது பெரும்பாலும் முந்தைய பதிலில் சொன்ன சீலன்ட் வகையைத் தாண்டிப் போவதில்லை. அதை நீங்களே ஒரு காலைப்பொழுதில் போட்டுவிடலாம்.

செராமிக் அப்படியல்ல. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட அந்தத் திரவம் கிளியர் கோட்டின்மேல் இறுகி, நல்ல தரமானதாக இருந்தால் ஓராண்டுக்கு மேலும் நிற்கிறது. தண்ணீரும் சேறும் எளிதில் வழுக்கி இறங்குகின்றன. ஆனால் விற்பவர் சொல்லும் ‘9எச்’ என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, வைரத்துக்கு அருகில் என்று பொருள் அல்ல. நெடுஞ்சாலையில் தெறிக்கும் கல்லையோ வாசலில் உரசும் சாவியையோ அது தடுக்காது. அதற்கு 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரிதேன் படலம், அதாவது பி.பி.எஃப்., தேவை, அதை வீட்டில் ஒட்ட முயல வேண்டாம். உப்புத் தண்ணீர்ப் புள்ளிகளிலிருந்தும் செராமிக்குக்கு விலக்கில்லை. பாட்டில் வாங்கி நீங்களே போடுவதானால், கீறலோடு போட்டால் கீறலும் சேர்ந்து உள்ளே பூட்டப்படும் என்பதையும், துடைக்காமல் விட்ட திட்டு இறுகிவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை வேப்பமரத்தடியிலதான் நிறுத்தணும். காக்கா எச்சம், பிசின்... என்ன பண்றது?

எச்சத்துக்கு வேகம்தான் மருந்து. பகல் சூட்டில் கிளியர் கோட் சற்று இளகுகிறது. மேலே எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலையில் குளிரும்போது பெயிண்ட் அந்த எச்சத்தின் மேடுபள்ளத்தை அச்செடுத்ததுபோல் இறுகிவிடுகிறது. எச்சத்தைத் துடைத்த பின்னும் தெரியும் மங்கல் தழும்பு அதுதான். ஈர டிஷ்யூவைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். வண்டிக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் துணியும் எப்போதும் இருக்கட்டும்.

பிசினுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு வைத்து ஊறவிட்டால் இளகும்; அந்த இடத்தில் வேக்ஸும் போய்விடும் என்பதால் மறுபடி ஒரு கை வேக்ஸ் போட வேண்டும். மாமரம் என்றால் பூக்கும் பருவத்தில் மட்டும் வேறிடம் தேடுங்கள். தத்துப்பூச்சிகள் கழிக்கும் தேன் போன்ற பசை வண்டி முழுக்கப் படிந்து, அதில் கரும்பூஞ்சையும் பிடிக்கும்.

ஆயுத பூஜைக்கு வெச்ச குங்குமம் வெள்ளை பானெட்ல ரோஸ் கலரா நின்னுடுச்சு.

குங்குமத்தில் உள்ள சாயமும் பூசணிக்காய்க்குள் கலந்த மஞ்சள், சுண்ணாம்பும் ஈரத்தோடு சேர்ந்து வெயிலில் காய்ந்தால் கறை விடுவது இயல்புதான். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாதீர்கள், ஊறவைத்துக் கழுவுங்கள். நிற்கும் சாயத்தை மேலே சொன்ன ஆல்கஹாலால் மெல்ல ஒற்றியெடுக்கலாம். மஞ்சள் கறையோடு போராட வேண்டியதில்லை, வெயிலிலேயே சில நாட்களில் வெளுத்துவிடும். பூஜைக்கு முந்தைய வாரமே வேக்ஸ் போட்டுவிட்டால் கறை இறங்கவே வாய்ப்பு குறைவு. பெயிண்டில் வைக்காமல் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் பொட்டு வைத்தால் அந்தக் கவலையும் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கவர் போட்டு மூடிட்டா இந்தத் தொல்லையே இல்லையே?

கழுவிய வண்டிமேல் போட்டால் சரி. தூசி படிந்த வண்டிமேல் போட்டால், காற்றில் கவர் அசையும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூசியை வைத்துத் தேய்க்கிறது. அதாவது தினமும் துடைக்கும் தம்பியின் வேலையை நாள் முழுக்கச் செய்கிறது.

என்னோடது மேட் ஃபினிஷ் புல்லட். அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கழுவும் முறை மட்டும் பொருந்தும். மேட் பூச்சின் அழகே அதன் நுண்ணிய மேடுபள்ளங்களில் ஒளி சிதறுவதில் இருக்கிறது. பாலிஷ் போட்டால் அந்த இடம் சமமாகிப் பளபளக்கும், அதைத் திரும்ப மேட் ஆக்க முடியாது. சாதாரண வேக்ஸும் திட்டுத்திட்டாக நிற்கும். மேட் பெயிண்டுக்கென்றே விற்கும் சீலன்ட் மட்டும் போடுங்கள்.

எந்த பைக்காக இருந்தாலும் இருக்கை, கால்மிதி, டயரின் சாலையில் படும் பகுதி, பிரேக் டிஸ்க் ஆகியவற்றில் வேக்ஸோ சிலிக்கான் ஸ்பிரேயோ படவே கூடாது. டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. டேங்கில் ஸ்பிரே அடிப்பவர்கள் நேரடியாக அடிக்காமல் துணியில் அடித்துத் தடவுவதே பாதுகாப்பு.

பத்து வருஷ வண்டி. கூரையில வெள்ளையா செதில் செதிலா உரியுது. நல்ல காம்பவுண்ட் போட்டா சரியாகுமா?

ஆகாது. அது அழுக்கோ மங்கலோ அல்ல, கிளியர் கோட்டே வெயிலில் செத்து நிறப்பூச்சிலிருந்து கழன்றுகொண்டிருக்கிறது. இரண்டாம் கேள்விக்கான பதிலில் சொன்ன அந்த 40, 50 மைக்ரான்தான் இப்போது உரிகிறது. தேய்த்தால் உரியும் எல்லை பெரிதாகும். ஓரங்களில் வேக்ஸ் தடவிச் சில மாதம் ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி நிறமும் கிளியர் கோட்டும் அடிப்பதே தீர்வு. அப்படி அடிக்கக் கொடுக்கும்போது கூரையை மட்டும் கொடுங்கள். கதவுகளில் வெயில் நேராக விழுவதில்லை என்பதால் பெரும்பாலும் அவற்றின் தொழிற்சாலைப் பெயிண்ட் நன்றாகவே இருக்கும். முழு வண்டிக்கும் அடித்துவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னாலும் அதை இழக்கச் சம்மதிக்காதீர்கள்.